தூண்டில் மீனுக்கு எந்தத் தராசை நம்புவது?

2 பிப்ரவரி 2024, வாசகர் கேள்வி

கடலூர் தேவனாம்பட்டினம் முகத்துவாரத்தில் ஒரு கொடுவா மீன் கிடைத்தது. என் எலக்ட்ரானிக் கொக்கித் தராசு 4.35 கிலோ காட்டியது. கூட வந்த நண்பரின் ஸ்பிரிங் தராசில் 3.9. திரும்பும் வழியில் மீன் கடையில் வைத்தால் 4.1. மூன்றில் எது சரி? வாங்கின கையோடு நம்பிப் பயன்படுத்துகிற மாதிரி ஒரு தராசு சொல்லுங்கள்.

3 பிப்ரவரி

முத்திரை இருந்தால் கடைத் தராசு. வியாபாரத்தில் பயன்படும் தராசு எதுவானாலும் 2009ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி சோதித்து முத்திரை போட்டிருக்க வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு இது ஆண்டுக்கு ஒருமுறை. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை செய்கிறது. தராசில் ஒரு சின்னத் தகடோ ஈய முத்திரையோ இருக்கும், சான்றிதழும் கடையில் இருக்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். முறைத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

உங்கள் கொக்கித் தராசுக்கு அந்தச் சோதனை எதுவும் கிடையாது. திரையில் 4.35 என்று வந்ததும் பத்து கிராம் வரை துல்லியம் என்று நினைத்துவிடுகிறோம். அது பத்து கிராம் படியில் எண்ணைக் காட்டுகிறது, அவ்வளவுதான். மொத்தத்தில் கால் கிலோ தள்ளி இருந்துகொண்டே பத்துப் பத்து கிராமாக அழகாக ஏறி இறங்கிக் காட்டும். தராசு வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

வாங்கின கையோடு நம்புகிற தராசு என்று எதையும் என்னால் சொல்ல முடியாது. விலை கூடியதையும் நீங்களே சோதித்த பிறகுதான் நம்ப வேண்டும். பிராண்டைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் இருக்கிற இரண்டு தராசையும் சோதியுங்கள், எப்படி என்று நாளை மறுநாள் எழுதுகிறேன்.

5 பிப்ரவரி

சோதிக்க வேண்டியது தெரிந்த எடையை வைத்து. தெருவில் பழைய பலசரக்குக் கடை, காய்கறிக் கடை, பழைய பேப்பர்க் கடை எதிலாவது இரும்பு எடைக்கல் இன்னும் இருக்கும். கல்லின் அடியில் ஈயம் ஊற்றிய குழியில் முத்திரை குத்தியிருப்பார்கள். நல்ல நிலையில் இருக்கும் 5 கிலோ கல் சில கிராமுக்கு மேல் தவறாது. துரு ஏறி உதிர்ந்த கல்லை எடுக்க வேண்டாம்.

நல்ல கனமான துணிப் பையைக் கொக்கியில் மாட்டி, தராசைப் பூஜ்யமாக்கி, ஒரு கிலோ, இரண்டு கிலோ, ஐந்து கிலோ, முடிந்தால் பத்து கிலோ என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை எடுத்து வைத்துப் பாருங்கள். மூன்று முறையும் ஒரே எண் வருகிறதா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. சரியான எண்ணா என்பது அடுத்தது. ஒரே கல்லுக்கு 4.96, 5.08, 5.01 என்று ஆடுகிற தராசை எதுவும் செய்ய முடியாது. எப்போதும் 5.04 என்று நிற்கிற தராசு எனக்குப் போதும், கழித்துக்கொள்ளலாம்.

என்னிடம் இருப்பது அப்படித்தான். ஒரு கிலோவுக்கு 1.01, ஐந்துக்கு 5.04, பத்துக்கு 10.09. அந்த எண்களைக் காகிதத்தில் எழுதி, தராசின் முதுகில் வைத்து, மேலே செலோ டேப் ஒட்டியிருக்கிறேன். மீன் பிடித்த பரபரப்பில் மனக்கணக்கு ஓடாது.

6 பிப்ரவரி

தண்ணீர் பாட்டில் வைத்துச் சோதிக்கலாமா என்று கேட்டவருக்கு: சோதிக்கலாம். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 996 கிராம். நம் வேலைக்கு ஒரு கிலோ என்றே வைத்துக்கொள்ளலாம். சிக்கல் தண்ணீரில் இல்லை, பாட்டிலில் இருக்கிறது. கழுத்து வரை நிரப்பினால் ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும், காலிப் பாட்டிலின் எடையும் சேரும். 20 லிட்டர் கேனும் அப்படியே. அதனால் நிரப்பிய கேனை முத்திரைத் தராசில் ஒருமுறை போட்டு, வருகிற எடையைக் கேன் மேலேயே மார்க்கரில் எழுதுங்கள். மூடியைத் திறக்காத வரை அது உங்கள் சொந்த எடைக்கல்.

பால் பாக்கெட்டும் அவசரத்துக்கு உதவும். பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அரை லிட்டர் ஏறக்குறைய 515 கிராம். இரண்டு பாக்கெட்டைத் தொங்கவிட்டு 900 காட்டுகிற தராசைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

கடல் தண்ணீரை நிரப்பாதீர்கள். லிட்டருக்கு 25 கிராம் வரை கூடும்.

9 பிப்ரவரி

புதுச்சேரி தேங்காய்த்திட்டு பக்கம் தூண்டில் போடும் ஒரு தம்பி, 11.6 கிலோ பாறை மீன் என்று படம் அனுப்பியிருந்தார். மீனைப் பார்த்தால் ஆறு கிலோ தாண்டாது. கையையும் மீனையும் ஒப்பிட்டாலே தெரிகிறது. அந்தத் தம்பி பொய் சொல்கிறவர் இல்லை. தராசுத் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தால் எண்ணுக்குப் பக்கத்தில் ஜின் என்று இருக்கிறது.

சீனாவிலிருந்து வரும் பல கொக்கித் தராசுகளில் கிலோ, பவுண்டு, அவுன்ஸ், ஜின் என்று நான்கு அலகு உண்டு. ஜின் என்பது அவர்கள் சந்தையில் புழங்கும் எடை, சரியாக 500 கிராம். ஆக 11.6 ஜின் என்றால் 5.8 கிலோ. அலகை மாற்றும் பொத்தான் பையில் கிடக்கும்போதே அமுங்கிவிடும். பவுண்டில் நின்றாலும் இதே கதைதான், ஒரு பவுண்டு 454 கிராம்தான், எண் இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும்.

5.8 கிலோ பாறையைக் கரையில் நின்று இழுத்தது சின்னக் காரியம் இல்லை. அதை அந்த எடையிலேயே சொல்லலாம்.

அலகைப் பூட்டி வைக்கிற வசதி உள்ள தராசு கிடைத்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் மீனை மாட்டும் முன் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். படம் எடுக்கும்போதும் அந்த எழுத்து தெரிகிற மாதிரி எடுங்கள்.

12 பிப்ரவரி

முதல் கேள்வி கேட்ட தம்பி சோதித்துவிட்டு எழுதியிருக்கிறார். அவருடைய எலக்ட்ரானிக் தராசு ஒரு கிலோ கல்லுக்கு 1.06, இரண்டுக்கு 2.12, ஐந்துக்கு 5.31. திரும்பத் திரும்ப அதே எண். அப்படியானால் நூற்றுக்கு ஆறு கூட்டிக் காட்டுகிறது. 4.35ஐ 1.06ஆல் வகுத்தால் 4.10.

நண்பருடையது வட்ட முகமுள்ள ஸ்பிரிங் தராசு. எதையும் மாட்டாதபோதே முள் பூஜ்யத்துக்கு 200 கிராம் பின்தங்கி நிற்கிறதாம். 3.9 உடன் 0.2 சேர்த்தால் 4.1.

மூன்று தராசும் ஒரே மீனைத்தான் சொல்லியிருக்கின்றன. ஒன்றில் பெருக்கல் பிழை, இன்னொன்றில் கூட்டல் பிழை. தராசுக் கோளாறில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். பூஜ்யம் தள்ளியிருப்பது சின்ன மீனைத்தான் அதிகம் பாதிக்கும், ஒரு கிலோ மடவையில் 200 கிராம் போனால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. விகிதப் பிழை பெரிய மீனில்தான் வெளியே தெரியும். ஒரே ஒரு கல்லை வைத்துச் சோதித்தால் எது எந்தப் பிழை என்று பிரிக்க முடியாது. அதனால்தான் குறைந்தது இரண்டு எடை வேண்டும் என்கிறேன்.

நண்பரின் தராசில் முள்ளைத் திருப்பிப் பூஜ்யத்தில் நிறுத்த ஒரு திருகு இருக்கும், பாருங்கள். ஆனால் முள் ஏன் நகர்ந்தது என்பதையும் பாருங்கள். முள் பூஜ்யத்தைத் தாண்டி நிற்கிற தராசு என்றால், ஸ்பிரிங்கை அதன் அளவுக்கு மேல் இழுத்திருக்கலாம், சுருள் பழைய நீளத்துக்குத் திரும்பியிருக்காது. அப்படிப்பட்டதைத் திருகி நேராக்கினாலும் மேல் எடையில் தவறும்.

14 பிப்ரவரி

சரி, புதிதாக வாங்குகிறவர்கள் எத்தனை கிலோ தராசு வாங்குவது?

விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் 50 கிலோ தராசுதான் எல்லோர் கையிலும் இருக்கிறது. விலை குறைவு. ஆனால் கெடிலத்திலும் பெண்ணையாற்று முகத்துவாரத்திலும் பரவனாற்றிலும் நமக்குக் கிடைப்பது என்ன? கிழங்கானும் மடவையும் ஒரு கிலோவுக்குள். செப்பிலி, கொடுவா, கலவா ஒன்றிலிருந்து ஐந்தாறு கிலோ. அதிர்ஷ்டம் இருந்தால் பெரிய கொடுவா. 50 கிலோ தராசுக்கு இவையெல்லாம் அடிமட்டத்தில் கிடக்கிற எடை. உற்பத்தியாளர் சொல்லும் பிழை பல நேரம் முழுக் கொள்ளளவின் சதவீதமாக இருக்கும். 50 கிலோவில் அரை சதவீதம் என்றால் 250 கிராம். இரண்டு கிலோ செப்பிலிக்கு அது ரொம்ப அதிகம்.

கரையிலிருந்து பிடிக்கிறவருக்கு 15 முதல் 25 கிலோ வரை கொள்ளளவுள்ள தராசு போதும் என்பது என் கருத்து. படகில் போய் வஞ்சிரம், சீலா, பெரிய பாறை என்று தேடுகிறவர் 50 கிலோ வைத்துக்கொள்ளட்டும். ஸ்பிரிங் தராசு என்றால் வழக்கமாகப் பிடிக்கும் மீன் அளவுக்கோட்டின் நடுப்பகுதியில் வருகிற மாதிரி தேர்ந்தெடுங்கள். இரண்டு முனைகளிலும் அதை நான் நம்புவதில்லை.

18 பிப்ரவரி

ஸ்பிரிங் தராசு இனி எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் மாமா கடலூர் முதுநகரில் ஐஸ் வியாபாரம் பார்த்தவர். அவர் வைத்திருந்த பித்தளை முகத் தராசு இப்போது என்னிடம் இருக்கிறது. பேட்டரி வேண்டாம், தானாக அணையாது, அலகு மாறாது. வெயிலில் திரை கறுத்துப்போகிற பிரச்சினையும் இல்லை. முள் ஆடி ஆடி நிற்பதைக் கண்ணால் பார்க்கிறோம், எந்த இடத்தைச் சுற்றி ஆடுகிறது என்று நமக்கே புரிகிறது. எலக்ட்ரானிக் தராசு அந்த ஆட்டத்துக்குள் ஏதோ ஒரு கணத்தைப் பிடித்துப் பூட்டி, இதுதான் எடை என்று சொல்லிவிடுகிறது.

குறை, கோடுகளுக்கு இடையிலான தூரம். 25 கிலோ தராசில் ஒரு கோடு 100 கிராம். நடுவில் முள் நின்றால் என்ன எழுதுவது? இன்டர்நேஷனல் கேம் ஃபிஷ் அசோசியேஷன் என்று 1939இல் தொடங்கிய அமைப்பு ஒன்று உலக அளவில் தூண்டில் சாதனைகளைப் பதிவு செய்கிறது. அவர்கள் விதி தெளிவானது: முள் இரண்டு கோட்டுக்கு நடுவே நின்றால் கீழ்க்கோட்டைத்தான் எடுக்க வேண்டும். நம் தூண்டில் குழுவிலும் இதையே பின்பற்றலாம். அந்த அமைப்பு கேட்கும் இன்னொன்று, தராசு கடைசி 12 மாதத்துக்குள் சோதித்துச் சான்று பெற்றிருக்க வேண்டும். கடலில் படகில் மட்டும் போட்ட எடையை ஏற்க மாட்டார்கள்.

22 பிப்ரவரி

லண்டனிலிருந்து வரும் உறவினரிடம் அங்கத்திய தூண்டில் தராசு ஒன்று வாங்கிவரச் சொல்லலாமா என்று புதுச்சேரி அண்ணன் ஒருவர் கேட்டார். தாராளமாக. ரூபன் ஹீட்டன் போன்ற பிரிட்டிஷ் தயாரிப்புகள் தூண்டில்காரர்களுக்காகவே செய்யப்படுபவை. ஆனால் இங்கே வந்ததும் கல்லை வைத்துச் சோதிக்காமல் விடாதீர்கள். சோதிக்கச் சொல்வதற்கு இந்த முறை வேறு காரணம்.

கொக்கித் தராசு, ஸ்பிரிங்கானாலும் எலக்ட்ரானிக்கானாலும், அளப்பது மீனை பூமி இழுக்கும் விசையை. அந்த இழுவை எல்லா ஊரிலும் ஒன்று இல்லை. நிலநடுக்கோட்டுப் பக்கம் குறைவு, துருவத்துப் பக்கம் அதிகம். லண்டனில் 9.81, நம் கடற்கரையில் 9.78. வித்தியாசம் ஏறக்குறைய ஆயிரத்துக்கு மூன்று. அங்கே சரிபார்த்த தராசு இங்கே 10 கிலோ மீனை 30 கிராம் குறைத்துக் காட்டும். பெரிய விஷயமா என்றால் இல்லை. எடைக்கல் வைத்துச் சரிபார்த்தால் அதுவும் கணக்கில் வந்துவிடும், ஏனென்றால் கல்லையும் இதே ஊர்தான் இழுக்கிறது.

27 பிப்ரவரி

தராசு சரியாக இருந்தும் எடை தவறுவது எப்படி என்று எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம்.

கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கல்மேல் நின்று ஒற்றைக் கையில் தராசைப் பிடித்து, துள்ளுகிற மீனை நேராகக் கொக்கியில் மாட்டுகிறோம். மீன் ஒருமுறை உதறினால் திரையில் எண் ஏறும். மலிவான தராசு அந்த ஏறிய எண்ணிலேயே பூட்டிக்கொள்ளும். படகில் இன்னும் மோசம். அலை படகை மேலே தூக்கும்போது ஐந்து கிலோ மீன் ஐந்தரை ஆகும், இறங்கும்போது நாலரை. எண் தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதியை நிறுத்தி வைக்க முடிகிற தராசுதான் எனக்குப் பிடிக்கும்.

நான் செய்வது இது. வலைப் பையைத் தண்ணீரில் முக்கி, ஒருமுறை உதறி, ஈரத்தோடு மாட்டிப் பூஜ்யமாக்குவேன். காய்ந்த பையில் பூஜ்யமாக்கிவிட்டு ஈர மீனைப் போட்டால் பை குடித்த தண்ணீரையும் மீன் கணக்கில் எழுதுகிறோம். நல்ல சணல் சாக்கு எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள், அதற்கப்புறம் சாக்கில் எடை போட மாட்டீர்கள். மீனை உள்ளே விட்டதும் அது சில நொடியில் அடங்கும். தராசை ராடு ஸ்டாண்டிலோ இரண்டு பேர் பிடித்த கம்பிலோ மாட்டினால் கை ஆட்டமும் போய்விடும். காற்று பலமாக இருந்தால் முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நின்று மறைத்துக்கொள்ளுங்கள்.

பைக் பெட்டியில் வெயிலில் கிடந்த தராசை எடுத்தவுடன் மாட்டாதீர்கள். நிழலில் ஆறவிட்டுப் பூஜ்யமாக்குங்கள். உள்ளே எடையை உணரும் உலோகப் பட்டை சூட்டில் கொஞ்சம் நகர்ந்து காட்டும்.

3 மார்ச்

மேலே எழுதியதில் வலைப் பையை எடைக்காக மட்டும் சொன்ன மாதிரி இருக்கிறது. மீனுக்காகவும் அது வேண்டும், எனக்கு அதுதான் பெரிய காரணம்.

கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் வளரத் தொடங்கும். சில ஆண்டு கழித்து, பெரும்பாலும் 80 செ.மீ. தாண்டும் வளர்ச்சியில், பெண்ணாக மாறும். அப்படியானால் முகத்துவாரத்தில் மாட்டும் பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் பெண். நான் அதைத் திருப்பி விடுகிறேன். நீங்களும் விடுங்கள் என்று கேட்கிறேன். விட வேண்டிய மீனைத் தாடையில் கொக்கி போட்டுச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் அதன் முழு எடையும் தாடை மூட்டிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தண்ணீருக்குள் அந்த உடம்பு அப்படித் தொங்கியதே கிடையாது. உதட்டைக் கவ்விப் பிடித்து எடையும் காட்டும் போகா கிரிப் மாதிரி கருவிகள் வசதியானவை, அளவும் நன்றாகத்தான் காட்டுகின்றன. சின்ன மீனுக்குச் சரி. பெரிய மீனை அதில் தூக்காதீர்கள், படுக்கை வாட்டில் ஈரப் பையில் வையுங்கள்.

அதற்கும் நேரமில்லை என்றால் டேப் போதும். மூக்கிலிருந்து வால் நுனி வரை நீளம், உடம்பின் பருத்த இடத்தில் சுற்றளவு, இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 28,900ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ. 70 நீளம், 42 சுற்றளவு என்றால் 4.27. பவுண்டும் அங்குலமும் வைத்து வெளிநாட்டில் 800ஆல் வகுக்கிற கணக்கைத்தான் நம் அலகுக்கு மாற்றியிருக்கிறேன். சீலா மாதிரி ஒல்லி மீனுக்கு இது அவ்வளவு ஒத்துவராது.

4 மார்ச்

கணக்கு சரியா என்று தராசோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்கிறார்கள். சமைக்க எடுத்துப்போன கொடுவாக்களில் பார்த்திருக்கிறேன். பத்தில் ஒரு பங்கு வரை மேலே கீழே போகிறது. அதனால் டேப் கணக்கில் வந்த எடையை "சுமார்" என்றே எழுதுகிறேன்.

10 மார்ச்

உப்பு. புதுத் தராசு ஒரு மழைக்காலம் தாண்டாமல் போவதற்கு நம் ஊரில் வேறு காரணம் தேட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கொக்கியையும் வளையத்தையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். எலக்ட்ரானிக் தராசைக் குழாயடியில் பிடிக்காதீர்கள், ஈரத் துணி போதும், தண்ணீர் புகாது என்று அட்டையில் போட்டிருந்தாலும் பேட்டரி மூடியின் ரப்பர் வளையம் சீக்கிரம் தளர்ந்துவிடும். வேலை இல்லாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். முனையில் பச்சைக் களிம்பு பிடித்தால் மின்னழுத்தம் குறைந்து எண் தடுமாறும், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துத் தராசையே தூக்கிப் போட்டுவிடுவோம். பேனா ரப்பரால் தேய்த்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

கொக்கி துருப்பிடித்து மெலிந்தால் எடை மாறாது, மீன்தான் கல்லிடுக்கில் விழும்.

17 மார்ச்

எது வாங்குவது என்று இன்னும் பெயர் கேட்கிறார்கள். ஏறக்குறைய 20 கிலோ கொள்ளளவு, எண் பூட்டுவதை நிறுத்தும் வசதி, பையை மாட்டிப் பூஜ்யமாக்கும் வசதி, பெரிய எழுத்துத் திரை, துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி, கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பேட்டரி. இவை இருந்தால் எந்தப் பெயரானாலும் எடுங்கள். திருப்பித் தரும் கெடுவுக்குள் எடைக்கல் சோதனையை முடித்துவிடுங்கள். ஒரே கல்லுக்கு எண் ஆடினால் திருப்பி அனுப்புங்கள், நிலையாக நின்று கொஞ்சம் தள்ளிக் காட்டினால் வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு தேவனாம்பட்டினம் கடற்கரையில் இருப்பேன். முத்திரையுள்ள ஒன்று, இரண்டு, ஐந்து கிலோ கற்களைக் கடைக்கார அண்ணன் ஒருவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார், பத்து மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். தராசு வைத்திருப்பவர்கள் அதற்குள் வந்துவிடுங்கள். பேட்டரி புதிதாகப் போட்டு எடுத்து வாருங்கள், ஒட்டுவதற்குக் காகிதமும் டேப்பும் என்னிடம் இருக்கிறது.